‘பாதுகாப்பான வீடு’: வாடகை விளம்பரத்தில் இந்தச் சொல் எப்போது உண்மையாகிறது?

தேக்கா சந்தையில் மீன் வாங்குபவர்கள், கடைக்காரர் "இன்றைக்கு வந்த மீன்" என்று எத்தனை முறை சொன்னாலும், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேசமாட்டார்கள். நல்ல கடைக்காரர் அதற்காக முகம் சுளிப்பதில்லை. கேட்பதற்கு முன்பே அவரே செவுளைத் திறந்து காட்டிவிடுவார். செவுள் சிவப்பாக இருந்தால் அதற்குமேல் அவர் பேச வேண்டிய தேவை இருப்பதில்லை.

சிங்கப்பூரில் வீட்டையோ அறையையோ வாடகைக்கு விடுபவர்கள் எழுதும் விளம்பரங்களில் ‘பாதுகாப்பான வீடு’, ‘முழுப் பாதுகாப்பு’, ‘24 மணி நேரப் பாதுகாப்பு’ போன்ற தொடர்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இடம்பெறுகின்றன. எழுதுபவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. ஆனால், அந்தச் சொல்லுக்கு அவர்கள் மனத்தில் வைத்திருக்கும் பொருள் ஒன்றாகவும், படிப்பவர் எடுத்துக்கொள்ளும் பொருள் வேறொன்றாகவும் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்த என் அக்காள் மகனுக்கு அறை தேடியபோது, நாங்கள் பார்க்கப் போன ஒவ்வொரு வீட்டிலும் "பாதுகாப்பு என்று போட்டிருந்தீர்களே, என்னென்ன இருக்கின்றன?" என்று கேட்டேன். "நல்ல வட்டாரம்" என்றார் ஒருவர். "கேமரா இருக்கிறது" என்று சொன்ன இன்னொருவர், அது வேலை செய்கிறதா என்று கேட்டபோது தயங்கினார். மின்கசிவு, புகை, சன்னல் ஆகியவற்றைப் பற்றி ஒருவரும் தாமாகப் பேசவில்லை. வீட்டை வாடகைக்கு விட நினைக்கும் புதியவர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். வீடு தேடுபவர்களுக்கும் இது பயன்படும்.

ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்

குழப்பம் மொழியிலேயே தொடங்குகிறது. வழுக்கும் குளியலறைத் தரையில் விழாமல் இருப்பதற்கும் திருடன் உள்ளே வராமல் இருப்பதற்கும் தமிழில் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். இவை இரண்டும் வெவ்வேறு கவலைகள் என்பதால், இந்தக் கட்டுரையின் வசதிக்காக இரண்டு பெயர்களை வைத்துக்கொள்வோம். தீ, மின்கசிவு, விழுதல், நச்சுப்புகை போன்ற விபத்துகளிலிருந்து குடியிருப்பவரைக் காப்பாற்றுவதைக் ‘காப்பு’ என்போம். திருட்டு, அத்துமீறல், ஒளிந்து பார்த்தல் போன்ற மனிதத் தீங்குகளிலிருந்து காப்பாற்றுவதைக் ‘காவல்’ என்போம்.

இந்த இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டு தெளிவாக்கும். பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் இரும்புக் கேட்டை இரவில் உட்புறமாகப் பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியைப் படுக்கையறையில் ஓர் இழுப்பறைக்குள் வைத்துவிடும் வழக்கம் உண்டு. காவல் என்ற அளவில் அது வலுவான ஏற்பாடு. நள்ளிரவில் வீடு முழுவதும் புகை சூழ்ந்தால் அதே பூட்டு வெளியேறும் வழியை அடைத்துவிடும். இருட்டில், புகைக்குள், நடுங்கும் கையோடு சாவியைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே நல்ல பூட்டு என்பது வெளியிலிருந்து வருபவருக்குக் கடினமாகவும், உள்ளிருந்து போகிறவருக்குச் சாவியே தேவைப்படாத அளவு எளிதாகவும் இருக்க வேண்டும். விளம்பரத்தில் ‘உறுதியான பூட்டு’ என்று எழுதும் உரிமையாளர் இந்த இரண்டாவது பாதியைச் சோதித்துப் பார்த்திருக்கிறாரா என்பதே நான் முதலில் கேட்கும் கேள்வி.

சுருக்கமாகச் சொன்னால், காப்பு விபத்தைப் பற்றியது, காவல் மனிதரைப் பற்றியது. விளம்பரத்தில் எதைக் குறிக்கிறோம் என்று முதலில் நமக்கே தெரிய வேண்டும்.

உரிமையாளருக்குத் தெரியும், வருபவருக்குத் தெரியாது

வீட்டுரிமையாளருக்குத் தம் வீட்டின் மின்கம்பி எப்போது மாற்றப்பட்டது, எந்தச் சன்னல் இறுக்கமாக மூடாது, முன்பு குடியிருந்தவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தாரா என்பதெல்லாம் தெரியும். வாடகைக்கு வருபவருக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. அவர் சென்னையிலோ திருச்சியிலோ இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் ஆறு படங்களைப் பார்த்து முடிவெடுப்பவராகக்கூட இருக்கலாம். பரிமாற்றத்தில் ஒரு தரப்பிடம் மட்டும் தகவல் குவிந்திருக்கும் இந்த நிலையைப் பொருளியலில் ‘தகவல் சமனின்மை’ என்பார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்து இதை விளக்கினார். எது நல்ல கார், எது பழுதான கார் என்று வாங்குபவரால் பிரித்தறிய முடியாதபோது, அவர் எல்லாக் கார்களுக்கும் குறைந்த விலையையே கேட்பார். அந்த விலைக்குத் தர மனமில்லாத நல்ல கார்க்காரர்கள் சந்தையை விட்டு விலகிவிடுவார்கள். ஏக்கர்லாஃப், மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகிய மூவருக்கும் இத்துறை ஆய்வுகளுக்காக 2001இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

வாடகை விளம்பரங்களிலும் இதுவே நிகழ்கிறது. எல்லாரும் ‘பாதுகாப்பான வீடு’ என்று எழுதுவதால் அந்தச் சொல் எந்த வீட்டையும் மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. பல ஆண்டுகள் உழைத்து வாங்கிய வீட்டை அக்கறையோடு பராமரிப்பவரும், பத்தாண்டுகளாகச் சுவிட்ச்சைக்கூட மாற்றாதவரும் ஒரே சொல்லை எழுதினால், படிப்பவர் இருவரையும் ஒரே தட்டில்தான் வைப்பார்.

இதிலிருந்து வெளியே வரும் வழி சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் இருக்கிறது. "சுத்தமான தங்கம்" என்று சொல்வதற்கு எவருக்கும் செலவில்லை. வளையலின் உட்புறத்தில் 916 என்று முத்திரை இருந்தால், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்று அது குறிப்பிட்டுச் சொல்கிறது. உரசிப் பார்த்துப் பொய்யென்று நிரூபிக்கவும் முடியும். சரிபார்க்க முடிந்த, பொய்யானால் சொன்னவருக்கு இழப்பைத் தரக்கூடிய இத்தகைய கூற்றை ‘நம்பகக் குறிப்பு’ என்று அழைக்கலாம். பாதுகாப்பை விளம்பரப்படுத்துவது என்றால் பொதுச் சொற்களை நம்பகக் குறிப்புகளாக மாற்றுவது. கட்டுரையின் மீதிப் பகுதி முழுவதும் அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியதுதான்.

அந்த வசதி யாருடையது?

ஒரு வசதியை விளம்பரத்தில் சேர்க்கும் முன் அது யாரால் அமைக்கப்பட்டது, யாரால் பராமரிக்கப்படுகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில வசதிகள் கட்டடத்துக்கோ வட்டாரத்துக்கோ உரியவை. காவல்துறை 2012இல் தொடங்கிய கேமராத் திட்டத்தின்கீழ், 2016க்குள் ஏறத்தாழ 10,000 வீவக புளோக்குகளிலும் பல மாடிக் கார் நிறுத்துமிடங்களிலும் கேமராக்கள் பொருத்தப்பட்டன. அவை பெரும்பாலும் கீழ்த்தள மின்தூக்கிக் கூடம், படிக்கட்டு போன்ற பொது இடங்களைப் பார்க்கின்றன. உங்கள் வீட்டு வாசலைப் பார்க்கவில்லை, அவற்றின் பதிவும் உங்கள் கையில் இல்லை. கூட்டுரிமை (காண்டோ) வீடுகளில் நுழைவாயில் காவலர்களும் நுழைவு அட்டையும் மேலாண்மைக் கழகத்தின் பொறுப்பு. இவற்றைச் சொல்வதில் தவறில்லை. "புளோக்கின் கீழ்த்தளத்தில் காவல்துறைக் கேமரா உள்ளது" என்பது உண்மையான, பயனுள்ள தகவல். "கேமராக் கண்காணிப்புடன் கூடிய வீடு" என்று அதையே எழுதினால் படிப்பவர் வேறு எதையோ எதிர்பார்த்து வருவார்.

வேறு சில வசதிகள் சட்டப்படியே இருக்க வேண்டியவை. அவற்றை வைத்திருப்பது பெருமையாகாது. இல்லாமல் வாடகைக்கு விடுவதே குற்றமாகலாம். மூன்றாவது வகை, சட்டம் கேட்காமலேயே உரிமையாளர் தாமாகச் செய்து, தாமே பராமரிப்பவை. விளம்பரத்தில் உண்மையான எடை இந்த மூன்றாவது வகைக்கே உண்டு. ஆயினும் இரண்டாவது வகையைச் செய்து முடித்ததற்கான சான்றையும் சேர்ப்பது நல்லது. ஏனெனில் எது கட்டாயம் என்று வெளிநாட்டிலிருந்து வரும் பலருக்கும் தெரியாது.

மின்சாரம்: அதிகம் பேசப்படாத, முதலில் பேச வேண்டிய வசதி

பிள்ளையிடம் பத்து வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறோம். வாங்கிய பொருளின் விலையும் திரும்பி வந்த சில்லறையும் சேர்ந்து பத்து வெள்ளி ஆகாவிட்டால், வழியில் எங்கோ காசு விழுந்துவிட்டது என்று உடனே புரிந்துகொள்கிறோம். வீட்டின் மின்பெட்டியில் இருக்கும் மின்கசிவுத் தடுப்பான் இதே கணக்கைத்தான் ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கிறது. ‘ஆர்சிசிபி’ என்று மின்பணியாளர்கள் சொல்வது இதையே. ஒரு கம்பி வழியாக வீட்டுக்குள் போகும் மின்னோட்டமும் மற்றொரு கம்பி வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். பழுதான நீர்ச்சூடேற்றியைத் தொட்டவரின் உடல் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் தரைக்குப் போய்விட்டால், திரும்பி வரும் அளவு குறையும். அந்த வேறுபாடு மிகச் சிறிய ஓர் அளவைத் தொட்டதும், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் தடுப்பான் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். வீடுகளில் அந்த அளவு பொதுவாக 30 மில்லி ஆம்பியர்.

அதிக மின்சுமையில் விழும் சாதாரணச் சுவிட்ச் இதைச் செய்யாது. மனிதரைக் கொல்லப் போதுமான மின்னோட்டம் அதற்கு மிகச் சிறியது. அது கம்பி சூடாகித் தீப்பிடிப்பதைத் தடுப்பதற்காக இருப்பது. "சுவிட்ச் விழும், பயமில்லை" என்று பலர் நம்பியிருப்பது இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான்.

சிங்கப்பூரில் 1985 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் இந்தத் தடுப்பான் தொடக்கத்திலிருந்தே இருக்கும். அதற்கு முந்தைய வீடுகளில் இல்லாமலிருக்கலாம். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் விதிப்படி 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் இது இருக்க வேண்டும். பழைய வீட்டுரிமையாளர்களுக்குத் தரப்பட்ட ஈராண்டு அவகாசமும் 2025 ஜூலை 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இதைப் பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

ஆகவே தோ பாயோவிலோ குவீன்ஸ்டவுனிலோ உள்ள பழைய வீட்டை வாடகைக்கு விடுபவர், "மின்கசிவுத் தடுப்பான் உரிமம் பெற்ற மின்பணியாளரால் பொருத்தப்பட்டது, ரசீது உண்டு, வீடு பார்க்க வரும்போது சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்திப் பார்க்கலாம்" என்று எழுதினால், அதைவிடத் தெளிவான நம்பகக் குறிப்பு இருக்க முடியாது. தடுப்பானின் முகத்தில் ஒரு சிறிய சோதனைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மின்சாரம் உடனே நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் கருவி பழுது. அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டிய இந்தப் பொத்தானைத் தங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்றுகூட அறியாத உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

வீட்டோடு தரப்படும் மின்சாதனங்களுக்கும் ஒரு சொல். நீர்ச்சூடேற்றி, சோறாக்கும் பானை, இஸ்திரிப்பெட்டி போன்ற பல வீட்டுச் சாதனங்கள் இங்கே ‘பாதுகாப்புக் குறி’ முத்திரையோடுதான் விற்கப்பட வேண்டும். தரப்படும் சாதனங்களில் அந்த முத்திரை இருக்கிறது என்று படத்தோடு காட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும்.

புகை, சன்னல்

புகை எச்சரிப்புக் கருவியின் உள்ளே ஒரு சிறிய இருட்டறையும் அதற்குள் ஓர் ஒளிக்கற்றையும் இருக்கும். இருட்டான கொட்டகையில் சாம்பிராணி போட்டால் கூரை ஓட்டையின் வழியே விழும் வெயில்கதிர் திடீரென்று கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். புகைத் துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அப்படித் தெரிகிறது. கருவிக்குள்ளும் புகை நுழைந்தால் ஒளி சிதறி உணரியின்மீது படும். உடனே அலறல் எழும்.

2018 ஜூன் 1 முதல் சிங்கப்பூரில் கட்டப்படும் எல்லாப் புதிய வீடுகளிலும் இக்கருவி கட்டாயம். அதற்கு முன்பு கட்டப்பட்ட வீடுகளில், தீப்பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் மாற்றங்களைச் செய்யும்போது மட்டுமே கட்டாயமாகிறது. எனவே ஈசூனில் முப்பது ஆண்டு பழைய வீட்டில் ஒருவர் இதைத் தாமாகப் பொருத்தியிருந்தால், அது நான் சொன்ன மூன்றாவது வகை வசதி. விலை குறைவு, மின்கம்பி இழுக்கவும் தேவையில்லை. சில கருவிகளின் மின்கலம் பத்தாண்டு வரை உழைக்கும். இடம் மட்டும் முக்கியம். தாளிக்கும் புகை போய்ச் சேரும் இடத்தில் பொருத்தினால் நாள்தோறும் அலறும். ஒரு வாரத்தில் குடியிருப்பவரே மின்கலத்தைக் கழற்றிவிடுவார். கூடத்திலோ படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடையிலோ, வெளியேறும் வழியில் பொருத்துவதே சரி. கவனிக்காமல் விட்ட சமையல் இங்கே வீட்டுத் தீச்சம்பவங்களுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று குடிமைத் தற்காப்புப் படை தொடர்ந்து நினைவூட்டி வருகிறது. ஆகவே சமையலறைக்கு அருகே ஒரு சிறிய தீயணைப்பானும் வைத்திருப்பதை விளம்பரத்தில் தாராளமாகக் குறிப்பிடலாம், அதன் காலாவதித் தேதியோடு.

சன்னல் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. வெளிப்புறமாகத் திறக்கும் சன்னல்களை முன்பு அலுமினிய ஆணிகளால் பொருத்தினார்கள். அவை நாளடைவில் அரித்துப்போய், சன்னல் கதவே பத்தாவது மாடியிலிருந்து கழன்று விழும் ஆபத்து இருந்தது. 2004 அக்டோபர் முதல் அவற்றைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றியாக வேண்டும் என்பது சட்டம். மாற்றத் தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நகரும் சன்னல்களுக்குத் தடுப்புக் கட்டைகள் தேவை. சிறு பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள் இதற்கும் மேலே ஒன்றைத் தேடுகின்றன: சன்னல் கம்பி. கம்பி எல்லாச் சன்னல்களுக்கும் உண்டா, சமையலறைப் பின்கட்டுக்கும் உண்டா என்று விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால், அந்தக் குடும்பம் வேறு பத்து வீடுகளைத் தாண்டி உங்களைக் கூப்பிடும். முதிய பெற்றோரை அழைத்துவர இருப்பவருக்குக் குளியலறைக் கைப்பிடியும் வழுக்காத தரையும் அதே அளவு முக்கியம்.

இந்த இடம்வரை பேசியவை எல்லாம் காப்பு வகையைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றிலும் விளம்பரத்துக்குத் தேவையானவை மூன்று: எந்தக் கருவி, எப்போது சோதிக்கப்பட்டது, வருபவர் எப்படிச் சரிபார்க்கலாம்.

பூட்டும் கேமராவும்

காவல் என்றதும் எல்லாரும் மின்னிலக்கப் பூட்டையே நினைக்கிறார்கள். எண்ணையோ விரல்ரேகையையோ கொண்டு திறக்கும் இந்தப் பூட்டின் உண்மையான நன்மை, அதன் வலிமையைக் காட்டிலும் அதன் நினைவில் இருக்கிறது. சாதாரணச் சாவியை முன்னாள் குடியிருப்பாளர் நகலெடுத்து வைத்திருந்தால் உங்களுக்குத் தெரியாது. மின்னிலக்கப் பூட்டில் பழைய எண்களையும் ரேகைகளையும் முழுவதுமாக அழித்துவிட முடியும். ஆனால், அழிக்காமல் விட்டால் அந்த நன்மை இல்லை. ஆகவே ‘மின்னிலக்கப் பூட்டு உண்டு’ என்பதோடு, ‘ஒவ்வொரு புதிய குடியிருப்பாளருக்கும் பூட்டின் நினைவகம் அழிக்கப்பட்டு, புதிய எண்ணை அவரே அமைத்துக்கொள்வார்’ என்று சேர்த்தால்தான் அது முழுமையான கூற்று. உரிமையாளரிடம் தனி எண் இருக்குமானால் அதையும், எந்தச் சூழலில் அதைப் பயன்படுத்துவார் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். தனியாக வரும் பெண்கள் இதைக் கேட்கத் தயங்குவார்கள்; கேட்காமலேயே சொல்லும் உரிமையாளரைத்தான் அவர்கள் நம்புவார்கள். படுக்கையறைக் கதவுக்கு உட்பூட்டு உண்டா என்பதும் அத்தகைய தகவலே.

ஒரு நுணுக்கத்தை மட்டும் சொல்லிச் செல்கிறேன். சில வீடுகளின் முன்கதவு, நெருப்பை ஒரு குறிப்பிட்ட நேரம் தாங்கும் தீத்தடுப்புக் கதவாக இருக்க வேண்டும். அதில் பொருத்தமில்லாத பூட்டுக்காகத் துளையிட்டால் அந்தத் தாங்குதிறன் கெட்டுவிடும். காவலுக்காகக் காப்பை இழக்கும் இன்னொரு வகை இது.

கேமராவைப் பற்றிய குழப்பம் பெரியது. வீவக வீட்டின் வாசலைப் பார்க்கும் கேமராவைப் பொருத்த 2023 மே மாதத்திலிருந்து முன்அனுமதி தேவையில்லை. ஆனால், அது அண்டை வீட்டாரின் கதவையோ சன்னலையோ பார்க்கக் கூடாது. வாசலில் கேமரா இருப்பதைக் காவல் வசதியாகச் சொல்லலாம். அதன் பதிவை யார் பார்ப்பார்கள் என்பதையும் உடன் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் இருக்கும் கேமரா வேறு விஷயம். உரிமையாளரும் உடன் வசிக்கும் வீட்டில் கூடத்தில் கேமரா இருக்குமானால், அறைக்கு வருபவரிடம் முன்கூட்டியே சொல்லி எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெறாமல் விடக் கூடாது. படுக்கையறையிலும் குளியலறையிலும் எக்காரணத்துக்காகவும் கேமரா கூடாது. பிறருடைய அந்தரங்கத்தை அவர்களது ஒப்புதலின்றிப் பார்ப்பதும் பதிவு செய்வதும் 2020 ஜனவரி 1 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றம்; சிறை, அபராதம், பிரம்படி ஆகியவை விதிக்கப்படலாம். ‘வீட்டுக்குள் எந்தக் கேமராவும் இல்லை’ என்ற ஒரு வரி, இன்றைய வாடகைச் சந்தையில் ‘கேமரா உண்டு’ என்பதைவிட அதிகம் பேரை ஈர்க்கக்கூடும் என்பது என் எண்ணம்.

விளம்பரத்தை எழுதும்போது

ஒரே வீட்டுக்கு இரண்டு விளம்பரங்களை எழுதிப் பார்ப்போம். முதலாவது: "செங்காங், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு அருகில், முழுப் பாதுகாப்பான வீடு, கேமரா, மின்னிலக்கப் பூட்டு, குடும்பத்துக்கு ஏற்றது." இரண்டாவது: "செங்காங்கில் நான்கறை வீடு. மின்கசிவுத் தடுப்பானும் புகை எச்சரிப்புக் கருவியும் உண்டு. சென்ற மாதம் சோதித்தோம், நீங்களும் சோதிக்கலாம். எல்லாச் சன்னல்களுக்கும் கம்பி உண்டு. முன்கதவின் மின்னிலக்கப் பூட்டு உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும். நீங்கள் வரும் நாளில் பழைய எண்கள் அழிக்கப்படும். வீட்டுக்குள் கேமரா இல்லை. கீழ்த்தள மின்தூக்கிக் கூடத்தில் காவல்துறைக் கேமரா உள்ளது."

இரண்டாவதில் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லே இல்லை. படிப்பவர் அந்த முடிவுக்குத் தாமாக வந்து சேர்கிறார்.

‘முழு’, ‘நூறு விழுக்காடு’ போன்ற சொற்களை நான் முற்றாகத் தவிர்க்கச் சொல்வேன். எந்த வீட்டையும் அப்படி உறுதியளிக்க முடியாது. குற்றம் குறைவான நாடு என்பதால் குற்றமே இல்லை என்று பொருளில்லை என்பதைக் காவல்துறையே நம் புளோக்குகளில் சுவரொட்டி ஒட்டி நினைவூட்டுகிறது. சட்டத்தின் பக்கமும் உண்டு. பொய்யான கூற்றை நம்பி ஒருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், அதற்காக அவர் இழப்பீடு கோர வழியிருக்கிறது. ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்கள் தொடர்பான 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. சொத்து முகவர் வழியாக விளம்பரம் செய்தால், அவர் எழுதுவதையும் படித்துப் பாருங்கள். தவறான தகவல் தரும் விளம்பரம் முகவர்களுக்கான நடத்தை விதிகளுக்கு எதிரானது. ஆனால், வீட்டைப் பற்றி உண்மை அறிந்தவர் நீங்கள்தான்.

எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதும் காப்புத் தகவலே. நான்கறை அல்லது அதற்கும் பெரிய வீவக வீடுகளில் உறவினரல்லாதோர் ஆறு பேர் வரை என்றிருந்த வரம்பு, 2024 ஜனவரி 22 முதல் தற்காலிகமாக எட்டாக உயர்த்தப்பட்டது. அறை வாடகைக்கு வருபவருக்குக் குளியலறைக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்பதோடு, ஒரே மின்பெட்டியில் எத்தனை பேரின் சாதனங்கள் ஓடும், தீ ஏற்பட்டால் எத்தனை பேர் ஒரு கதவு வழியே வெளியேற வேண்டும் என்பதும் அந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. ‘பாம் ஷெல்டர்’ என்று நாம் சொல்லும் காப்பறையைப் படுக்கையறையாக விளம்பரப்படுத்துவது அனுமதிக்கப்படாத ஒன்று. பெயரில் காப்பு இருப்பதால் அது தங்குவதற்கு ஏற்ற அறையாகிவிடாது.

காட்ட வேண்டியதும் மறைக்க வேண்டியதும்

வெளிப்படையாக இருப்பதற்கும் எல்லை உண்டு. பாதுகாப்பு வசதிகளைப் பற்றிய விளம்பரமே திருடனுக்கு வழிகாட்டிவிடக் கூடாது. வீட்டுக் கதவு எண் தெரியும் படம், மேசைமேல் சாவிக்கொத்து கிடக்கும் படம், எண் பதிக்கப்படும் நேரத்தில் எடுத்த பூட்டின் படம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். சாவியின் பற்கள் தெளிவாகத் தெரியும் படத்திலிருந்தே நகலெடுக்க முடியும். ‘அடுத்த மாதம்வரை வீடு காலியாக இருக்கும்’ என்று எழுதுவதும் அழைப்பிதழ் வைப்பதைப் போன்றதே. என்ன வசதி இருக்கிறது என்று சொல்லுங்கள். அது எங்கே, எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதை வீடு பார்க்க வருபவரிடம் நேரில் காட்டுங்கள்.

வாடகை மோசடிகள் மலிந்திருக்கும் காலம் இது. பிறருடைய வீட்டுப் படங்களைத் திருடி விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் பேசி, வீட்டைக் காட்டுவதற்கு முன்பே முன்பணத்தைப் பேநவ் என்ற மின்னிலக்கப் பணமாற்றுச் சேவை வழியாக அனுப்பச் சொல்வது மோசடிக்காரர்களின் வழக்கமான முறை. எனவே உண்மையான உரிமையாளர் தம்மை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. முகவர் இருந்தால் அவருடைய பதிவு எண்ணை விளம்பரத்தில் போடுங்கள். அதைச் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம். இந்தியாவிலிருந்து வருபவருக்குக் காணொளி அழைப்பில் வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். அப்போதே மின்பெட்டியைத் திறந்து காட்டி, புகைக் கருவியின் பொத்தானை அழுத்தி ஒலிக்கச் செய்யுங்கள். வீட்டைப் பார்த்து ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை பணம் கேட்பதில்லை என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் செய்தால் வாடகை கூடுமா என்று கேட்பவர்கள் உண்டு. எம்ஆர்டி நிலையம் பத்து நிமிட நடையில் இல்லாத குறையைப் புகைக் கருவி ஈடுகட்டாது. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால், வந்தவர்கள் முதல் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விடாமல் தொடர்ந்து இருப்பதற்கும், வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் குறைவதற்கும் இந்த அக்கறை காரணமாகிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

என் அக்காள் மகனுக்குக் கடைசியில் பிடோக்கில் ஓர் அறை கிடைத்தது. சாவி வாங்கப் போன நாளில் அந்த வீட்டம்மா ஒப்பந்தத்தோடு, பொருள்பட்டியல் ஒன்றையும் எடுத்து வைத்தார். கட்டில், அலமாரி, மின்விசிறி என்ற வரிசைக்குக் கீழே மின்கசிவுத் தடுப்பான், புகைக் கருவி, சன்னல் ஆணிகள், பூட்டு எண் என்று நான்கு வரிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே சோதித்த தேதியும் இரண்டு கையெழுத்துக்கான இடமும். "தம்பி, வந்து நீங்களே அழுத்துங்க" என்றார். அவன் மின்பெட்டியின் சிறிய பொத்தானை அழுத்தினான். மின்விசிறி மெல்ல ஓய்ந்து நின்றது, குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல் அடங்கியது. அவர் சுவிட்ச்சை மீண்டும் மேலே தூக்கிவிட்டு, பேனாவை அவனிடம் நீட்டினார்.